அருமைநாயகம் கூறிய ஏலம்

கரிசல் காட்டில் தீப்பெட்டியை நம்பிப் பிழைத்த ஊர் அது. அங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. நாற்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து குச்சி அடுக்கினாலும் அதற்குப் பெயர் தீப்பெட்டி ஆபீஸ். அப்படி ஓர் ஆபீஸுக்கு முதலாளி அருமைநாயகம். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

குரு அந்த ஊர்ச் சபையின் போதகர் எப்சிபா. அவர் வந்த புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று சபைக்குப் பெரிய குழப்பம். போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிட்டுப் பழகியவர்கள், ஐயரே பெண்ணாக வந்தால் என்ன செய்வார்கள்? கமிட்டி கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாஸ்டரம்மா என்று கூப்பிட்டார்கள். பெரியவர்களும் பிழைத்தோம் என்று அதையே பிடித்துக்கொண்டார்கள்.

மனைவி இறந்த பிறகு அருமைநாயகம் வியாழக்கிழமை சாயங்காலம் தோறும் வேதப்புத்தகத்தோடு பாஸ்டரம்மா வீட்டுக்கு வருவார். ஒரு கேள்வி கேட்பார். பாஸ்டரம்மா சில நாள் பதில் சொல்வார். சில நாள் பதில் சொல்லாமல் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். மகள் வயதில் ஒருத்தியிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. அருமைநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வியாழக்கிழமை அவர் வந்தபோது பாஸ்டரம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டரம்மா, ஒரு சந்தேகம்."

"உக்காந்து கேளுங்க, அண்ணாச்சி."

"கையில இல்லாததைக் கொடுக்கதுதானே விசுவாசம்? இருக்கதைக் கொடுக்க விசுவாசம் எதுக்கு?"

பாஸ்டரம்மா மடிப்பதை நிறுத்தினார்.

"இது வேதப்பாடக் கேள்வியா, ஆபீஸ் கேள்வியா?"

அருமைநாயகம் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆபீஸ் கேள்விதான்" என்றார்.

அவருடைய ஆபீஸ் படுக்கும் நிலையில் இருந்தது. பத்து ரூபாய்க்கு பிளாஸ்டிக் லைட்டர் வந்த நாளிலிருந்தே தீப்பெட்டிக்கு இறங்குமுகம். மெழுகு விலையும் குச்சிமுனை மருந்து விலையும் ஏறின. வடநாட்டு வியாபாரிகள் பாதி ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பாதிக்கு இழுத்து இழுத்துப் பணம் தந்தார்கள். ஊரில் ஒவ்வோர் ஆபீஸாகப் பூட்டு விழுந்தது. அடுத்தது யார் என்பதே டீக்கடையில் பேச்சு.

இந்த நேரத்தில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது.

மழையை அதிகம் பார்க்காத அந்த ஊரில் அறுப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் பண்டிகை தப்பாது. சபையார் கோழி, முட்டை, பூசணிக்காய், முருங்கைக்காய் என்று கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஆலய வளாகத்துப் பந்தலில் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் கேட்கும் விலை கடைவிலை அல்ல, காணிக்கை. ஒரு முட்டை முந்நூறு ரூபாய்க்குப் போகும். ரொக்கமாகவும் கட்டலாம், தவணை சொல்லிக் கிறிஸ்துமஸுக்குள்ளும் கட்டலாம். கடைசியாக வருவது பெரிய வாழைக்குலை. ஆற்றங்கரை ஊரிலிருந்து விலைக்கு வாங்கி வருவது. அதை எடுப்பவர்தான் அந்த வருஷம் ஊரில் பெரிய மனுஷர்.

அந்தக் குலையை அருமைநாயகத்தின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம்தான் எடுத்து வந்தது.

"இந்த வருஷம் நான் குலை எடுக்கலைன்னா முடிஞ்சது, பாஸ்டரம்மா" என்றார் அருமைநாயகம். "அருமைநாயகம் படுத்துட்டான்னு ஊரே சொல்லும். குச்சிக்காரன் கடனுக்குக் குச்சி தர மாட்டான். குச்சி இல்லன்னா ஆபீஸ் இல்ல."

"குலை எடுத்தா?"

"எடுத்தா நம்புவான். குச்சி வரும். குச்சி வந்தா சரக்கு போகும். சரக்கு போனா தீபாவளிக்குள்ள போட்ட பணம் திரும்பிரும்."

"இதுல கர்த்தர் எந்த இடத்துல வாராரு?"

"எல்லா இடத்துலயும்தான்!" அருமைநாயகத்துக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "எங்க அப்பா காலத்துல ஒரு வருஷம் மழையில சரக்கெல்லாம் நனைஞ்சு போச்சு. கையில சல்லிக்காசு இல்ல. அப்பா எங்க அம்மா சங்கிலியை அடகு வச்சுக் குலையை எடுத்தாரு. அந்த மாசமே கல்கத்தாவுல இருந்து பெரிய ஆர்டர் வந்துச்சு. இதுக்கு என்ன சொல்லுதீங்க?"

"சங்கிலி அம்மாவோடதா?"

"ஆமா."

"அம்மாகிட்ட கேட்டாரா?"

அந்தக் கதையை அருமைநாயகம் சபையில் எத்தனையோ சாட்சிக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். இதை யாரும் கேட்டதில்லை. அவருக்கே தோன்றியதில்லை.

"அது எனக்குத் தெரியாது."

"இந்த வருஷம் குலைக்குப் பணம் இருக்கா?"

"இருக்கு."

"எது?"

"பொம்பளையாளுகளுக்குப் போனஸ் கொடுக்கன்னு எடுத்து வச்சிருக்கேன். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு. அதுக்குள்ள கர்த்தர் தந்துருவாரு. விசுவாசத்தோட கேக்கப் போறேன். தப்பா?"

பாஸ்டரம்மா எழுந்துபோய்க் காப்பி கலந்து வந்தார். அருமைநாயகத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்றைக்குப் பதில் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினார்.

"எப்பவும் ஏலம் கூறுத பள்ளிக்கூடத்து சார்வாளுக்குத் தொண்டை கட்டிக்கிடுச்சு" என்றார் பாஸ்டரம்மா. "இந்த வருஷம் நீங்க கூறுங்க."

"நானா?"

"நீங்கதான்."

"கூறுதவன் கேக்கக் கூடாதே, பாஸ்டரம்மா. அது நம்ம சபை வழக்கமாச்சே."

"ஆமா."

"அப்ப என் கேள்விக்குப் பதில்?"

"ஏலம் முடியட்டும்" என்றார் பாஸ்டரம்மா.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அருமைநாயகம் யோசித்துக்கொண்டே போனார். ஏலம் கூறுவது பெரிய கௌரவம். கூறுகிறவர் ஏன் குலை கேட்கவில்லை என்று யாரும் கேட்க முடியாது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள பாஸ்டரம்மா ஒரு வழி காட்டியிருக்கிறார் என்று முதலில் சந்தோஷப்பட்டார். ஆனால் தெருமுனை திரும்புவதற்குள் சந்தோஷம் போய்விட்டது. குச்சிக்காரன் சும்மா இருப்பானா? கேட்கப் பயந்து மேஜையில் ஏறி ஒளிந்துகொண்டான் என்றல்லவா சொல்வான்? இதே ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாக்கியநாதன் அதையே பத்துப் பேரிடம் சொல்வாரே?

மறுநாள் காலையில் அவர் மைத்துனர் எட்வினைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"குலையை நீ கேளு, மாப்ள. என் குடும்பத்துக்குன்னு சொல்லு. லட்சம் வரைக்கும் போ."

"பணம், மச்சான்?"

அருமைநாயகம் பீரோவைத் திறந்து போனஸ் பணம் இருந்த உறையை எடுத்துக் கொடுத்தார். எட்வின் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"கூறுதது நீங்க, பணமும் உங்களோடது. இது சரியா வருமா?"

"எல்லாம் ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

எட்வினால் அதற்குமேல் பேச முடியவில்லை. ஆண்டவர் பெயரைச் சொன்ன பிறகு மச்சானிடம் யார் வாதாடுவது?

பண்டிகை ஞாயிறு வந்தது. ஆராதனை நீண்டது, பாட்டுகள் நீண்டன, பசியும் நீண்டது. பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு மேஜை. அருமைநாயகம் வெள்ளை வேட்டி சட்டையில் அதன்மேல் ஏறினார். பக்கத்தில் சபைச் செயலாளர் பேனாவோடு உட்கார்ந்தார். பாஸ்டரம்மா அங்கி மாற்றிவிட்டு வந்து, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் சமையலுக்கு வெங்காயம் உரிப்பவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

மேஜைமேல் நின்றால் எல்லோருடைய முகமும் தெரியும். இத்தனை வருஷம் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து குலை கேட்டவருக்கு அது புதுசாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவருடைய ஆபீஸ் பெண்கள். ஆபீஸில் குனிந்த தலைகளைத்தான் பார்த்திருக்கிறார்.

முதலில் முட்டை வந்தது. ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை, சில்வர் கிண்ணத்தில்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஒரு முட்டை! பத்து ரூபா!"

"இருபது" என்றார் ஒருவர்.

"அம்பது" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சொர்ணபாய். அருமைநாயகத்தின் ஆபீஸில் இருபது வருஷமாகக் குச்சி அடுக்குகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள்.

"அம்பது! அம்பது ஒரு தரம்!"

"நூறு" என்றார் ஓட்டுநர் தங்கராஜ்.

"எரநூறு."

"சொர்ணம், முட்டைக்குள்ள என்ன தங்கமா இருக்கு?" என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. தங்கராஜும் விடவில்லை. இருநூற்றைம்பது என்றார். சொர்ணம் எழுந்து நின்றுவிட்டாள்.

"நானூறு! மகளுக்குப் பிரசவம் நல்லபடியா முடிஞ்சதுக்கு நேந்திருக்கேன். இதுக்கு மேல யாரும் கேக்காதீங்க, சொல்லிட்டேன்!"

தங்கராஜ் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டார். அருமைநாயகமும் சிரித்துக்கொண்டே கூறினார்.

"நானூறு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! சொர்ணபாய்க்கு முட்டை! ரொக்கமா, தவணையா?"

ஏலம் கூறுகிறவர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி அது.

"தவணைதான், அண்ணாச்சி" என்றாள் சொர்ணம். "நீங்க போனஸ் போட்டதும் மொத வேலையா கட்டிருதேன்."

செயலாளர் எழுதிக்கொண்டார். அருமைநாயகத்தின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆனால் அடுத்த பொருள் கைக்கு வந்துவிட்டது.

பூசணிக்காய். அதை எடுத்தவள் மேரி கனகம்.

"ரொக்கமா, தவணையா?"

"போனஸ்ல, அண்ணாச்சி."

முருங்கைக்காய்க் கட்டு. ஒரு படி உளுந்து. ஒரு சேவல். சேவலை இரண்டு பெண்கள் கூட்டாக எடுத்தார்கள். இரண்டு பேரும் அவர் ஆபீஸ்தான். ஒவ்வொரு முறையும் அதே கேள்வியை அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அதே பதில் வந்தது. சொன்னவர்கள் யாரும் யோசித்துச் சொல்லவில்லை. நாளைக்கு விடியும் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்கள்.

அருமைநாயகத்துக்கு வியர்த்தது. ஒரு தடவை கேட்காமலே அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தார். செயலாளர் பேனாவை உயர்த்தி, "ரொக்கமா தவணையான்னு கேளுங்க" என்றார். கேட்டார்.

"போனஸ்ல" என்று பதில் வந்தது.

ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் எட்வின் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை புடைத்துக்கொண்டு தெரிந்தது. அருமைநாயகத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் ஆபீஸ் பெண்கள் அந்தப் பையில் இருக்கும் பணத்தை நம்பி ஏலம் கேட்கிறார்கள். அது அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் நான்கு ஆண்கள் சேர்ந்து குலையைத் தூக்கி வந்தார்கள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வாழைக்குலை" என்றார் அருமைநாயகம். "பத்தாயிரம்."

"இருபது" என்றார் பாக்கியநாதன்.

"முப்பது" என்றார் எட்வின். "அருமைநாயகம் மச்சான் குடும்பத்துக்காக."

ஊர் திரும்பிப் பார்த்தது. ஓ, அப்படியானால் ஆபீஸ் படுக்கவில்லை என்று சில முகங்களில் எழுதியிருந்தது. பாக்கியநாதன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வருஷா வருஷம் அந்தக் குடும்பத்திடம் குலையை விட்டுக்கொடுத்தவர், இந்த வருஷம் அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் வந்திருந்தார்.

"நாப்பது."

"அம்பது."

"அறுபது."

"எழுபது" என்றார் எட்வின். சொந்தப் பணமாக இருந்தால் இருபதிலேயே நிறுத்தியிருப்பார்.

பாக்கியநாதன் யோசித்தார். கையை விரித்தார்.

"போதும்ப்பா. எடுத்துக்கிடட்டும்."

"எழுபது" என்றார் அருமைநாயகம். "எழுபது ஒரு தரம்."

பெண்கள் பக்கத்தில் கைதட்டத் தயாரானார்கள். அவர்களுக்கு அது பெருமை. எங்க முதலாளி, எங்க ஆபீஸ். சொர்ணம் முட்டைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தாள்.

"எழுபது ரெண்டு தரம்."

மூன்றாவது தரம் வரவில்லை.

"சொல்லுங்க, அண்ணாச்சி" என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார்.

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. அருமைநாயகத்துக்கு மயக்கம் வருகிறதோ என்று ஒருவர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

"இந்தக் கேள்வி செல்லாது" என்றார் அருமைநாயகம்.

"என்னது?"

"எட்வின் கேட்டது செல்லாது. கூறுதவன் கேக்கக் கூடாது. அவன் எனக்காகத்தான் கேட்டான். நான்தான் அனுப்பினேன்."

எட்வின் தலையைக் குனிந்துகொண்டார்.

"பரவாயில்ல, விடுங்க. குடும்பத்துக்குத்தானே" என்று ஒரு பெரியவர் சமாதானம் சொன்னார். அந்த இடத்தில் அவர் தப்பித்திருக்கலாம். அருமைநாயகத்துக்கும் அது தெரிந்தது. ஒரு நொடி பெண்கள் பக்கம் பார்த்தார். பிறகு வேகமாகச் சொன்னார், நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தவர் மாதிரி.

"அது என் பணமும் இல்ல. என்கிட்ட பணம் கிடையாது. அது எங்க ஆபீஸ் பொம்பளையாளுகளோட போனஸ் பணம்."

உயர்த்தியிருந்த கைகள் இறங்கின. கோழி ஒன்று மட்டும் கூடையில் கிடந்து கத்தியது.

"பாக்கியநாதன் கேட்டது அறுபது" என்றார் அருமைநாயகம். "அறுபது ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். ரொக்கமா, தவணையா?"

"ரொக்கம்" என்றார் பாக்கியநாதன். அவர் ஆசைப்பட்டு வந்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. குலையை அங்கேயே பந்திக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

அருமைநாயகமும் சாப்பிடவில்லை. கூட்டத்தில் பாஸ்டரம்மாவைத் தேடினார். அவர் இலை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அடுத்த இலையை எடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அருமைநாயகம் வந்தார். கையில் வேதப்புத்தகம் இல்லை. கன்னத்தில் சவரம் இல்லை. பாஸ்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"திங்கக்கிழமை காலையிலயே போனஸைக் கொடுத்துட்டேன்."

"கேள்விப்பட்டேன்."

"ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லித்தான் கொடுத்தேன், இது உங்க பணம், இதை எடுத்துக் குலை கேக்கப் பாத்தேன்னு. சொர்ணம் மட்டும் வாயைத் திறந்தா. 'அதான் நேத்தே ஊரு முன்னால சொல்லிட்டீங்களே, பிறகு எதுக்கு?' அப்படின்னா. மத்தவ யாரும் ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"ம்."

"குச்சிக்காரன் போன் பண்ணினான். இனிமே ரொக்கம் வச்சாத்தான் லோடு இறங்கும்னுட்டான். மருந்துக்காரனும் அதையே சொல்லிட்டான். ஆறு பொம்பளைங்க பக்கத்து ஊர் ஆபீஸுக்குப் போயிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

பாஸ்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"காரை வித்துட்டேன். அதுல வந்ததுக்குக் குச்சி இறக்கியிருக்கேன். ரெண்டு வாரம் ஓடும். அதுக்குப் பிறகு தெரியல." அருமைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உண்மையைச் சொன்னேன், பாஸ்டரம்மா. ஊரு முன்னால மானம் போக நின்னு சொன்னேன். அதுக்குக் கர்த்தர் ஒரு வாசலைத் திறப்பாருன்னு நினைச்சேன். இருந்த வாசலும் அடைச்சுப் போச்சு. எங்க அப்பா அடுத்தவ சங்கிலியைக் கொண்டுபோய்க் குலை எடுத்தாரு, அவருக்குக் கல்கத்தா ஆர்டர் வந்துச்சு. நான் உள்ளதைச் சொன்னேன், எனக்கு இது. இது என்ன நியாயம்?"

அவர் அழுதார். மனைவியின் அடக்கத்தன்று கூட ஆலயத்தில் அழாத மனுஷர். பாஸ்டரம்மா அவரைத் தடுக்கவில்லை. காப்பி கலக்கவும் எழுந்திருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தே இருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு அருமைநாயகம் கேட்டார்.

"ஆபீஸ் நிக்குமா?"

"தெரியாது, அண்ணாச்சி."

"நீங்க ஜெபம் பண்ணுனீங்களா?"

"தினமும் பண்ணுதேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல."

அருமைநாயகம் வாசலைப் பார்த்தார். ஆலயத்தின் சுவருக்கு அப்பால் வேலை முடிந்த பெண்கள் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவரும் சொல்லல, உங்களுக்கும் தெரியல. அப்ப நாளைக்குக் காலையில நான் எதை நம்பி ஆபீஸ் கதவைத் திறக்க?"

பாஸ்டரம்மாவும் தெருவில் போகிறவர்களைப் பார்த்தார்.

"சொர்ணம் முட்டைக்குப் பணம் கட்டிட்டா, தெரியுமா?"

"தெரியாது."

"திங்கக்கிழமை மத்தியானமே வந்துட்டா. நானூறு ரூபா."

"அவ அப்படித்தான். சொன்னா செய்வா."

"அன்னைக்கு அவ கையில பத்து ரூபா கிடையாது. எதை நம்பி நானூறுன்னு கேட்டா?"

அருமைநாயகம் வாய்க்குள்ளேயே சொன்னார். பாஸ்டரம்மாவுக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"என்னைய நம்பித்தான்" என்றார் அருமைநாயகம்.

"கர்த்தரும் உங்களை நம்பித்தான் அவளை உங்க ஆபீஸ்ல விட்டு வச்சிருக்காரு" என்றார் பாஸ்டரம்மா.

அருமைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். காலையில் ஆபீஸ் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.